எந்தக் கோட்டை?

எண்பதுகளின் தொடக்கம். கொழும்புக்குப் போயிருந்த அப்பாவைப் பற்றி யாரோ சேதி கொண்டுவந்தார்கள். "கோட்டையில இறங்கிட்டாராம்" என்று அம்மம்மா வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் படலையைத் திறந்துகொண்டு ஓடினேன். மன்னார்ப் பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோட்டை பொடிநடைத் தூரம். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் கால் வைத்ததும் நிற்கிறதே, போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, அந்தக் கோட்டை. எனக்குத் தெரிந்த ஒரே கோட்டையும் அதுதான். "எங்கயடா ஓடுறாய்? அது கொழும்புக் கோட்டையடா, ரயில் நிக்கிற இடம்!" என்று அம்மம்மா பின்னாலிருந்து கத்தினார்.

அன்றைக்கு யாரும் பிழையாக எதையும் சொல்லவில்லை. கொழும்புக்காரருக்குக் கோட்டை என்றால் ரயில் நிலையம். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயிலில் போகிறவருக்கும் கோட்டை ஒரு நிலையம்தான், ஆனால் வேறு நிலையம். அதே சென்னையில் அரசியல் பேசுகிறவருக்குக் கோட்டை என்றால் தலைமைச் செயலகம். யாழ்ப்பாணத்தவருக்கு முற்றவெளியின் பக்கத்தில் இருப்பது. அவரவர் ஊருக்குள் அந்த ஒற்றைச் சொல் போதும். ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

இணைப்பது ஒரு காலத்தில் எங்கள் தீவின் தொழிலாகவே இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டு தலைமன்னாருக்கு ரயில் வந்து சேர்ந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் ஏறியவர் கடலைத் தாண்டிக் கொழும்பில் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இரண்டு நாட்டு ரயில்பாதைகளும் தலைமன்னார் இறங்குதுறையில் இப்படிக் கைகோத்து நின்றன. அந்தப் பயணத்தில் இருந்த ஒருவரிடம் போய் "கோட்டையில் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால், எந்தக் கரையின் கோட்டை என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு மனிதர் இருந்தார். கணினிக்குள் இணைப்பு வேலை பார்க்கும் மென்பொருளுக்குத் திருப்பிக் கேட்கும் பழக்கம் கிடையாது. அதனால் என் நண்பர் ஒருவரின் கருவாட்டு வாடியில் நான் மூன்று நாள் கம்பி சுரண்டினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வாடி தலைமன்னார்ப் பக்கம். கருவாடு காயவைக்கிற தொழிலில் காற்றின் ஈரம்தான் எசமான். சோளகம் அடிக்கிற நாளில் ஒரு கணக்கு, வாடைக்காற்றுக்கு இன்னொரு கணக்கு. இரவில் ஈரம் ஏறினால் மூடவேண்டும். மூடத் தவறினால் மீன் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை அளந்து, எல்லையைத் தாண்டினால் வீட்டிலிருக்கும் சிறு பெட்டியில் மணியடிக்கிற கருவி ஒன்று செய்து தரச் சொல்லி நண்பர் கேட்டார். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி, கம்பி வழியே பேசும் ஈரமானி, வாடியிலிருந்து வீட்டுக்குத் தகவல் அனுப்ப ஒரு ரேடியோத் துண்டு. ஈரமானியோடும் ரேடியோவோடும் ஆளுக்கொரு நூலகம் வந்தது. நூலகம் என்றால் மற்றவர்கள் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு; நம்முடைய நிரலோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஈரமானியை விற்றவர்கள் மூலநிரலைத் தரவில்லை. கட்டி முடித்த கோப்பு மட்டும் தந்தார்கள்.

எல்லாம் சேர்ந்தது. ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. ஓடவிட்டால் ஈரமானி அனுப்பும் ஒவ்வோர் அளவையும் "கெட்டுப்போன தரவு" என்று நிரல் தள்ளிவிட்டது. கடற்கரையில் இருக்கிறவனுக்கு முதலில் வரும் சந்தேகம் உப்புக்காற்றுத்தான். முனைகளைக் கழற்றினேன், செம்பில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுச் சுரண்டினேன், கம்பியை மாற்றினேன், மின்வழங்கியை மாற்றினேன். பலன் இல்லை.

மூன்றாம் நாள் இரவு கம்பியை விட்டுவிட்டு நிரலுக்குள் வந்தேன். தரவு வழியில் கெட்டதா என்று பார்க்க ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். அதைக் கணக்கிடும் நிரல்துண்டுக்கு ஈரமானி நூலகத்தில் 'சிஆர்சி16' என்று பெயர். அதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரையான இலக்கங்களை வரிசையாகக் கொடுத்துப் பார்ப்பது இத்துறையில் வழக்கமான சோதனை. ஈரமானி பின்பற்றும் மோட்பஸ் முறைப்படி விடை 19255 வரவேண்டும். எனக்கு 12739 வந்தது. அதுவும் தெரிந்த எண்தான். எக்ஸ்மோடம் என்ற வேறொரு முறையின் விடை அது. அந்த முறையை ஈரமானி நூலகம் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தியது ரேடியோ நூலகம். அதற்குள்ளும் 'சிஆர்சி16' என்றே ஒரு துண்டு இருந்தது. ஒரே பெயர், ஒரே விதமான உள்ளீடு, வேறு விடை. கொழும்புக் கோட்டைக்குப் போகவேண்டியவனைச் சென்னைக் கோட்டையில் இறக்கிவிட்டிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, நிரல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்குள் கொஞ்சம் போகவேண்டும்.

சி மொழியில் எழுதிய ஒரு கோப்பைக் கம்பைலர் தனியாக எடுத்து இயந்திரக் கட்டளைகளாக்குகிறது. பக்கத்துக் கோப்பில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. 'சிஆர்சி16ஐக் கூப்பிடு' என்ற வரி வந்து, அந்தத் துண்டு இந்தக் கோப்பில் இல்லையென்றால், முகவரி இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, "இந்த இடத்தைப் பிறகு நிரப்புக" என்று குறிப்பு எழுதி வைக்கிறது. கட்டளைகள், வெற்றிடங்கள், குறிப்புகள், பெயர்ப் பட்டியல் ஒன்று: இவை சேர்ந்ததுதான் ஆப்ஜெக்ட் கோப்பு. பட்டியலில் உள்ள பெயர்களைத்தான் சிம்பல் என்கிறார்கள்.

லினக்ஸில் இந்தப் பட்டியலின் ஒவ்வொரு பதிவும், 64 பிட் கணினியில், 24 பைட். பெயர் எங்கே எழுதியிருக்கிறது, எந்தப் பகுதியில் எந்த முகவரி, எவ்வளவு நீளம் என்ற விவரங்களோடு ஒரு பைட்டின் மேல் பாதியில் ஒரு சிறு எண் இருக்கிறது. பூச்சியம் என்றால் இது உள்ளூர்ப் பெயர், இந்தக் கோப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒன்று என்றால் உலகப் பெயர், யாரும் கேட்கலாம். அந்த அரை பைட்டில் இருக்கும் ஒன்றைப் பூச்சியமாக மாற்றுவது எப்படி, எப்போது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

கம்பைலர் முடித்ததும் லிங்கர் வருகிறது. அது தலைமன்னார் இறங்குதுறை. யாருக்கு எது வேண்டும், யாரிடம் எது இருக்கிறது என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டு வெற்றிடங்களை நிரப்புகிறது. அதற்குத் தெரிந்த ஒரே அடையாளம் பெயர். எழுத்து எழுத்தாக ஒத்துப்போனால் போதும். சி மொழிப் பெயரில் உள்ளீடு என்ன, விடை என்ன என்ற விவரம்கூட ஒட்டியிருப்பதில்லை.

இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளை நேராகக் கொடுத்து, இரண்டிலும் ஒரே உலகப் பெயர் இருந்தால் லிங்கர் சத்தம் போட்டு நின்றுவிடும். அந்தச் சத்தம் நல்லது. நம்மைக் காப்பாற்றுகிற சத்தம். என் வாடியில் அது வரவில்லை, ஏனென்றால் நான் கொடுத்தவை தொகுப்புக் கோப்புகள். தொகுப்பு என்பது பல ஆப்ஜெக்ட் கோப்புகள் அடங்கிய பெட்டி. லிங்கர் பெட்டியைத் திறந்து, இன்னும் நிரம்பாத பெயர் எதற்காவது விடை இருக்கும் கோப்பை மட்டும் வெளியே எடுக்கும்; மற்றதைத் தொடாது. ரேடியோப் பெட்டி முதலில் வந்தது. அதன் 'சிஆர்சி16' வெளியே வந்து உட்கார்ந்தது. அடுத்து ஈரமானிப் பெட்டி. அளவைப் படிக்கும் கோப்பு வெளியே வந்து "எனக்குச் சிஆர்சி16 வேண்டும்" என்றது. "அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று லிங்கர் ரேடியோவின் துண்டைக் கையில் கொடுத்தது. ஈரமானியின் சொந்தத் துண்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவது வரையறை வெளியே வரவே இல்லை; ஆகவே மோதலும் இல்லை, சத்தமும் இல்லை. பெட்டிகளின் வரிசையை மாற்றிப் பார்த்தேன். ஈரமானி சுகமானது, ரேடியோ படுத்துவிட்டது.

ஓடும் நேரத்தில் சேரும் பகிர்வு நூலகங்களிலும் லினக்ஸில் இதே கதைதான்: தேடும் வரிசையில் முதலில் அகப்படுகிற பெயர் வெல்லும். விண்டோஸும் மேக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் விவரமானவை. பெயரோடு அது எந்த நூலகத்திலிருந்து வரவேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்து வைக்கின்றன. கோட்டை என்று எழுதாமல் கொழும்புக் கோட்டை என்று எழுதுகிற முறை அது.

சத்தமில்லாத மோதலுக்கு இன்னொரு பழைய வாசலும் இருந்தது. தொடக்க மதிப்பு கொடுக்காத பொது மாறி ஒன்றை இரண்டு சி கோப்புகளில் ஒரே பெயரில் எழுதினால், ஜிசிசி கம்பைலரின் பழைய வழக்கப்படி இரண்டும் ஓசையின்றி ஒன்றாகிவிடும். இரண்டு பேர் தெரியாமல் ஒரே பெட்டிக்குள் காசு போட்டு எடுப்பது போல. 2020இல் வந்த ஜிசிசி 10 அந்த வழக்கத்தை இயல்புநிலையில் நிறுத்தியது. உடனே, ஆண்டுக்கணக்காக ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்த பல மென்பொருள்கள் கட்டப்பட மறுத்தன. புதிதாகப் பிழை வரவில்லை. இருந்த பிழை வாய் திறந்தது. நல்ல முடிவு என்றே நான் சொல்வேன்.

இந்தப் பெயர் நெருக்கடிக்கு வரலாறும் ஒரு காரணம். 1989இன் சி தரம், வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளை வேறுபடுத்தினால் போதும் என்று விட்டுக்கொடுத்தது, அன்றைய லிங்கர்கள் சிலவற்றுக்கு அதற்குமேல் முடியாது என்பதால். சி நிரல்களில் புழங்கும் மலாக், பிரிண்ட்எஃப், மெம்காப்பி ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் சரியாக ஆறெழுத்து. 1999இன் தரம் அதை 31 ஆக்கியது. ஆனால் குட்டைப் பெயர் வைக்கும் பழக்கம் போகவில்லை. தொடங்கு, வாசி, பிழை, பதிவு என்று எல்லோரும் வைக்கிற பெயர்களைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள்.

அதனால் பெயரை மறைக்கவேண்டும். மறைப்பது என்றவுடன் இரகசியம் காக்கிற வேலை என்று நினைக்கவேண்டாம். வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது அது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சின்னவன் இருப்பான். பேசாலைக் கரையில் நின்று "சின்னவன்!" என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும்? அதனால் கரையில் பட்டப்பெயர். பட்டப்பெயரும் ஊருக்குள்தான் செல்லும். கடற்றொழில் அலுவலகப் பதிவேட்டில் முழுப்பெயர், படகுக்கு எண். வீடு, ஊர், பதிவேடு என்று ஒரே மனிதருக்கு மூன்று வட்டங்கள். மோதல் வருமென்று தெரிந்த சனம் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

சி மொழியில் இரண்டே வட்டங்கள். 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லை முன்னால் போட்டால் பெயர் அந்தக் கோப்புக்குள் அடங்கும். போடாவிட்டால் உலகம் முழுவதும். நடுவில் ஊர் இல்லை. ஒரு நூலகம் ஒரே கோப்பாக இருந்தால் 'ஸ்டாட்டிக்' போதும். இருபது கோப்பு இருந்து, அவற்றுக்குள் மட்டும் 'சிஆர்சி16' பொதுவாக இருக்கவேண்டும், வெளியே போகக்கூடாது என்றால் மொழியில் அதற்குச் சொல் இல்லை. நூலகம் எழுதுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஊர்ப் பெயரை உலகப் பெயராக விட்டுவிடுகிறார்கள்.

மொழி தராததைக் கருவிகள் தருகின்றன. வாடியில் நான் செய்தது இரண்டே படி. முதலில் ஈரமானிப் பெட்டியில் இருந்த எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் லிங்கரிடமே கொடுத்து, நிரலாக முடிக்காமல் ஒரே பெரிய ஆப்ஜெக்ட் கோப்பாகச் சேர்க்கச் சொன்னேன். குனு லிங்கரான எல்டியில் 'ஆர்' என்ற தெரிவு இதற்கென்றே இருக்கிறது. இதோடு நூலகத்தின் உள் உறவுகள் எல்லாம் ஒரு கூரைக்குள் வந்துவிட்டன. பிறகு 'ஆப்ஜ்காப்பி' என்ற கருவியிடம், திறக்க, படிக்க, மூட என்ற மூன்று பெயர்களை மட்டும் உலகப் பெயராக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உள்ளூராக்கச் சொன்னேன். ஆப்ஜெக்ட் கோப்பின் பெயர்ப் பட்டியலைக் காட்டும் 'என்எம்' என்ற கருவி, உலகப் பெயர் கொண்ட நிரல்துண்டின் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'டி' போடும்; உள்ளூர்ப் பெயரென்றால் சின்ன 'டி'. முன்பு பெரிய எழுத்தோடு நின்ற 'சிஆர்சி16' இப்போது சின்ன எழுத்தோடு நின்றது. திரும்ப இணைத்தேன். 19255 வந்தது. வீட்டில் மணி அடித்தது.

படிகளின் வரிசை முக்கியம். சேர்க்குமுன்பே மறைத்தால், பக்கத்துக் கோப்பு தனக்கு வேண்டிய பெயரைத் தேடி வரும்போது கதவு அடைத்திருக்கும். 'வரையறை இல்லை' என்ற பிழை வரும். முதலில் கூட்டு, பிறகு மறை.

பெயரை மறைத்தபின் உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 'இந்த இடத்தைப் பிறகு நிரப்புக' என்ற குறிப்பில் பெயர் எழுதியிருப்பதில்லை. பட்டியலில் இத்தனையாவது பதிவு என்ற எண்தான் இருக்கிறது. வெளியாரோடு ஒத்துப்பார்க்கத்தான் பெயரின் எழுத்துகள் தேவை. உள்ளே எல்லாம் எண்ணால் நடக்கிறது. ஆகவே உலகப் பெயரை உள்ளூர்ப் பெயராக்கினால் வெளிக் கதவு மட்டும் மூடுகிறது, உள் நடை அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு சின்னத் தொல்லை உண்டு. பட்டியலில் உள்ளூர்ப் பெயர்கள் எல்லாம் முன்னாலும் உலகப் பெயர்கள் பின்னாலும் இருக்கவேண்டும் என்பது இக்கோப்பு வடிவத்தின் விதி. ஒருவரை உள்ளூராக்கினால் அவர் முன்வரிசைக்குப் போவார், மற்றவர்களின் எண்கள் மாறும். எல்லாக் குறிப்புகளிலும் புது எண்ணை எழுதவேண்டும். ஆப்ஜ்காப்பி அதைப் பொறுமையாகச் செய்து முடிக்கிறது. கையால் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

மூலநிரல் கையில் இருந்தால் இன்னும் சுத்தமான வழி உண்டு. 2005இல் வந்த ஜிசிசி 4.0 முதல், கம்பைலரிடம் எல்லாப் பெயர்களையும் இயல்பாகவே மறைந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வெளியே தெரியவேண்டியவற்றுக்கு மட்டும் நாமே அடையாளம் இடவேண்டும். பகிர்வு நூலகம் கட்டுகிறவருக்கு இது போதும். தொகுப்புக் கோப்பாகக் கொடுக்கிறவருக்குப் போதாது. பலர் தடுக்கி விழும் படி இது. 'மறைந்தது' என்ற குறி, இறுதி இணைப்புக்குப் பிறகுதான் வேலை செய்யும். அதுவரை அந்தப் பெயர் பட்டியலில் உலகப் பெயராகவே நிற்கும், அதே பெயருள்ள இன்னொன்றோடு மோதவும் செய்யும். மேலே சொன்ன இரண்டு படிகளையும் செய்து, இரண்டாம் படியில் ஆப்ஜ்காப்பியிடம் 'மறைந்தவை எல்லாவற்றையும் உள்ளூராக்கு' என்று ஒரு தெரிவு கொடுத்தால் காரியம் முடிந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக எழுதித் தரவேண்டிய வேலையும் மிச்சம்.

இதை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் வாசிக்கும் எழுத்தே சாட்சி. 'கோட்டை' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுங்கள். யூனிகோடில் அது 'க' என்ற எழுத்தும் ஓகாரக் குறியும். சேமிப்பில் குறி பின்னால்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும்போது அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, இரட்டைக்கொம்பு 'க'வுக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்கவேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஹார்ஃப்பஸின் ஒரு பிரதியைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. லினக்ஸில் அது சாளரங்களையும் பட்டிகளையும் வரைய ஜிடிகேயை நாடுகிறது. ஜிடிகே எழுத்துக்காக பாங்கோவை நாடுகிறது. பாங்கோ கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஹார்ஃப்பஸை நாடுகிறது. ஒரே நிரலுக்குள் இரண்டு ஹார்ஃப்பஸ், பதிப்பு வேறுவேறாகவும் இருக்கலாம். இரண்டிலும் 'எச்பி_ஷேப்' என்று ஒரே பெயர். ஆனாலும் மோதல் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன்னுடைய பிரதியின் பெயர்களை வெளியே காட்டுவதில்லை.

ஹார்ஃப்பஸை எழுதியவர்களும் தங்கள் பக்கத்தில் கவனமானவர்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் 'எச்பி_' என்று முன்னொட்டு வைத்திருக்கிறார்கள். அந்த முன்னொட்டு இல்லாத பெயர் எதுவும் தவறிப்போய் வெளியே தெரிகிறதா என்று என்எம் கருவியைக் கொண்டே சோதிக்கும் ஒரு சிறு நிரலையும் சோதனைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். நினைவாற்றலை நம்பாமல் சோதனையை நம்பியிருக்கிறார்கள். இந்த ஒழுக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். மன்னாரில் நிரலாக்கம் படிக்க வரும் மாணவர்கள் சி மொழியில் சுட்டிகளையும் சுழல்களையும் நன்றாகப் படிக்கிறார்கள். 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லை மட்டும் பரீட்சைக்கு ஒரு வரியாகப் பாடமாக்கிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

மறைப்பதாலும் தீராதவை உண்டு. ஒரே நூலகத்தின் இரண்டு பிரதிகள் ஒரு நிரலுக்குள் இருந்தால், அவற்றின் பொது மாறிகளும் இரண்டு பிரதிகள்தான். ஒன்றில் செய்த அமைப்பு மற்றதற்குத் தெரியாது. ஒன்று உண்டாக்கிய தரவை மற்றதிடம் கொடுத்தால், பதிப்பு வேறாயிருக்கும்போது நிரல் விழுந்துவிடும். பெயரை மறைக்கலாம்; கைமாறும் பொருளை மறைக்க முடியாது. சி++ நிரல்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே சில பெயர்கள் பல கோப்புகளில் இருந்து கடைசியில் ஒன்றாக வேண்டும் என்றே கம்பைலர் எதிர்பார்க்கிறது. கண்மூடி எல்லாவற்றையும் உள்ளூராக்கினால் விதிவிலக்குப் பிழைகளைப் பிடிக்கும் ஏற்பாடே குழம்பலாம். ஆப்ஜ்காப்பியில் எல்லாப் பெயருக்கும் முன்னொட்டுச் சேர்க்கும் தெரிவும் இருக்கிறது. அது வெளியிலிருந்து கேட்கும் பெயர்களுக்கும் சேர்த்துவிடும். பிரிண்ட்எஃப்பைக் கேட்டுக்கொண்டிருந்த நிரல் உலகில் எங்கும் இல்லாத ஒரு பிரிண்ட்எஃப்பைக் கேட்கத் தொடங்கும். ஒன்றிரண்டு பெயரை மட்டும் மாற்றும் தெரிவைப் பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு. பிறர் கட்டித் தந்த கோப்பைத் திருத்தும்போது அதன் உரிமம் அதற்கு இடம்தருகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது, மறைக்கிற வேலையை எழுதுகிறவரே செய்துவிடுவது. வாடியில் நான் செய்தது வைத்தியம். வைத்தியம் தேவைப்படாதபடி அந்த நூலகத்தை எழுதியிருக்கலாம், அதற்கு ஐந்து நிமிடம் பிடித்திருக்காது.

நூலகம் எழுதி வெளியே கொடுக்கும் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கொடுக்குமுன் அதை என்எம்மில் போட்டுப் பாருங்கள். பெரிய 'டி' எத்தனை என்று எண்ணுங்கள். வெளியார் பயன்படுத்தட்டும் என்று தலைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய பெயர்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மிச்சத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். எங்கோ ஒரு கடற்கரையில் ஒருவர், கெடாத கம்பியை மூன்று நாள் சுரண்டாமல் இருப்பார்.